வரைந்ததை வெட்டாதீர்கள்: தாள் வெட்டிப் படம் செய்வது பற்றி ஒரு விரிவான பதில்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. கண்மாய்ப் பறவைகளைப் பற்றிய ஒரு சிறுவர் புத்தகத்துக்கு அட்டையும் உள்ளே எட்டுப் படங்களும் செய்ய வேண்டும். பதிப்பாளருக்கு அவை தாள் வெட்டி ஒட்டியது போல இருக்க வேண்டும். கணினியிலேயே வடிவங்களை வரைந்து, அடியில் நிழல் போட்டு, மேலே தாளின் சொரசொரப்பைப் பரப்பிவிட்டால் போதாதா? நிஜமாகவே வெட்டுவதென்றால் என்ன தாள், என்ன கத்தி, வெட்டியதை எப்படிப் படம் பிடித்து அச்சுக்குக் கொண்டுபோவது?

போதாது என்றுதான் சொல்வேன். கணினி நிழல் போலியாகத் தெரியும் என்பதற்காக மட்டும் இல்லை. பொறுமையாகச் செய்தால் அதையும் நம்பும்படி செய்துவிடலாம். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது நீங்கள் வேறு மாதிரி யோசிப்பீர்கள், அதுதான் பெரிய காரணம். திரையில் ஒரு கொக்கை வரையும்போது இறகுக்கு இறகு கோடு போடலாம், பிடிக்காவிட்டால் கன்ட்ரோல்-இசட் தட்டலாம். தாளில் வெட்டியது வெட்டியதுதான். அதனால் கை தானாகவே விவரங்களை உதறிவிடும். வளைந்த கழுத்து, நீண்ட அலகு, ஒற்றைக் கால். கொக்குக்கு அவ்வளவு போதும் என்பது வெட்டும்போதுதான் தெரியும். எட்டு வயதுக் குழந்தை தூரத்திலிருந்து பார்த்து "கொக்கு!" என்று சொல்லும் உருவம் அப்படித்தான் கிடைக்கிறது.

இதை நம்பினால் வேலையின் வரிசையே மாறும். முழுப் படத்தையும் கணினியில் வரைந்து, அச்செடுத்து, அந்தக் கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அப்படிச் செய்தால் கிடைப்பது கணினிப் படம்தான், தாளில் எடுத்த பிரதி. சின்ன ஓவியக் குறிப்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எது எங்கே நிற்கும், எது எவ்வளவு பெரிது என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். அப்புறம் அதைத் தள்ளி வைத்துவிட்டு நேராகத் தாளில் வெட்டுங்கள். ஒரே கொக்கைப் பத்து முறை வெட்டிப் பாருங்கள். ஆறாவதோ ஏழாவதோதான் உங்களுக்கு வேண்டிய கொக்காக இருக்கும்.

இந்த வழியில் போனவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941இல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் நெடுநேரம் நின்று ஓவியம் தீட்ட முடியவில்லை. உதவியாளர்கள் தாள்களில் குவாஷ் என்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணம் பூசி உலரவைத்துக் கொடுப்பார்கள். அவர் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்தபடி பெரிய கத்தரிக்கோலால் வெட்டுவார். வெட்டிய துண்டுகளை உதவியாளர்கள் அவர் சொல்லும் இடத்தில் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள். பிடிக்கும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். நிறத்துக்குள் நேராக வெட்டுவது, சிற்பி கல்லை நேராகச் செதுக்குவதை நினைவூட்டுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

நமக்கு இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, பசையை எடுக்க அவசரப்படாமல் குண்டூசியில் ஆரம்பிப்பது. பழைய தெர்மோகோல் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, துண்டுகளைக் குத்தி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் பார்க்கும்போது கொக்கு இரண்டு விரல் இடது பக்கம் போக வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். ஒட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இரண்டாவது பாடம் உங்களைப் போல அச்சுக்காக வேலை செய்பவர்களுக்கு இன்னும் முக்கியம். 1947இல் ‘ஜாஸ்’ என்ற தலைப்பில் மத்தீஸின் இருபது தாள் வெட்டுப் படங்கள் புத்தகமாக வந்தன. அவர் பயன்படுத்திய அதே வண்ணத்தைக்கொண்டு, ஸ்டென்சில் வைத்துக் கையால் அச்சிட்ட புத்தகம். நிறங்கள் அப்படியே வந்தன. ஆனாலும் மத்தீஸுக்கு அதில் நிறைவு இல்லை. மூலத்தில் இருந்த உயிர்ப்பு அச்சில் போய்விட்டதாக வருந்தினார். ஒரு தாள் இன்னொன்றின் மேல் கொஞ்சம் தூக்கி நிற்பதும், அதன் ஓரத்தில் விழும் மயிரிழை நிழலும் தட்டையான அச்சில் காணாமல் போயிருந்தன. நீங்கள் கேட்கும் "எப்படிப் படம் பிடிப்பது" என்ற கேள்விக்கு இதுதான் வேர். வெட்டுவது பாதி வேலை. அந்த மயிரிழை நிழலை அச்சு வரைக்கும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி.

நிழலே வேண்டாம் என்று முடிவு செய்வதும் நல்ல வழிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர் சால் பாஸ் 1955இல் ‘தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்’ படத்தின் தொடக்க எழுத்துக் காட்சிக்கு வெட்டிய தாளால் ஒரு கையை உருவாக்கினார். கோணல் மாணலான, முறுக்கிய கை. போதைக்கு அடிமையான ஒருவனின் கதையை அந்த ஒரு வடிவமே சொல்லிவிட்டது. அங்கே நிழல் இல்லை, அடுக்கு இல்லை. வெட்டின் முரட்டு விளிம்பு மட்டும் இருந்தது. உங்கள் அட்டைக்கு இப்படி ஒரு தட்டையான வடிவமும், உள்ளே அடுக்கடுக்கான படங்களும் என்று பிரிக்கலாம். கடையில் நாலு அடி தூரத்தில் நிற்பவரை அட்டை இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் படங்களைக் குழந்தை மடியில் வைத்துப் பார்க்கும்.

சரி, தாளுக்கு வருவோம்.

பள்ளிக்கூடக் கைவேலைக்கு விற்கும் பளபளப்பான கிளேஸ் பேப்பரை முதலில் விலக்கிவிடுங்கள். அதில் நிறம் ஒரு பக்கம் மட்டும் பூசியிருக்கும். வெட்டு விளிம்பில் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும், விளக்கு பட்டால் மேல்பக்கம் மினுக்கும். சார்ட் பேப்பர் வெட்டிப் பழக நல்லது, ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். இறுதி வேலைக்கு, கூழிலேயே நிறம் கலந்து செய்த தாள் வேண்டும். விளிம்பிலும் அதே நிறம் இருக்கும். கான்சன் நிறுவனத்தின் மீ-தாந்த் வகை இப்படிப்பட்டது. 160 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 160 கிராம் எடை. ஒரு பக்கம் தேன்கூடு போலப் பள்ளம் பள்ளமாக இருக்கும், மறுபக்கம் அதைவிட வழவழப்பு. நான் வழவழப்பான பக்கத்தைத்தான் மேலே வைப்பேன், ஏனென்றால் படத்தைப் பெரிதாக்கும்போது தேன்கூடு பள்ளங்கள் கண்ணை உறுத்தும். சென்னையில் இருந்தால் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். கல்யாணப் பத்திரிகைக்காக வரும் தாள் வகைகளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். தாளைத் தொடாமல் வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எடை பற்றி ஒரு வரி: கத்தரிக்கோலுக்கு 120 முதல் 160 ஜிஎஸ்எம் சரியாக இருக்கும். 80 தொங்கும், 200க்கு மேல் போனால் கத்திதான் வேண்டும்.

கையால் செய்த தாளை உங்கள் பதிப்பாளர் ஆசைப்பட்டால் அதற்கு ஒரு இடம் உண்டு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாள் ஆலை 1959 முதல் இருக்கிறது. பனியன் வெட்டுத்துணி போன்ற பருத்திக் கழிவை அரைத்துக் கூழாக்கிச் செய்யும் தாளுக்கு இழைகள் நீளம், வலுவும் அதிகம். இந்தத் தொழில் இந்த நாட்டில் மறுபடி எழுந்ததில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தி 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். கைவினைத் தாளும் அந்தச் சங்கம் வளர்த்த தொழில்களில் ஒன்று. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில் இருக்கும் தேசியக் கைவினைத் தாள் நிறுவனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். நல்ல கைவினைத் தாள் ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

ஆனால் அந்தத் தாளைக் கத்தியால் நுணுக்கமாக வெட்டப் போனால் ஏமாற்றம்தான். நீண்ட இழைகள் கத்தி முனையில் சிக்கி இழுபடும், விளிம்பில் பஞ்சு எழும். அதை வெட்டாமல் கிழியுங்கள். கிழிக்க வேண்டிய கோட்டில் நனைந்த தூரிகையை ஒருமுறை ஓட்டிவிட்டு இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தால், பிசிறு பிசிறாக வெண்மையான ஓரம் வரும். கண்மாயின் அலைக்கும், மேகத்துக்கும், நாணல் பூவுக்கும் அதைவிட நல்ல ஓரம் கிடையாது. பறவைகள் கூர்மையான வெட்டு, சூழல் கிழிசல் என்று வைத்துக்கொண்டால் எட்டுப் படங்களுக்கும் ஒரு மொழி கிடைத்துவிடும்.

இன்னொரு வழி, தாளை நீங்களே நிறமேற்றுவது. கார்ட்ரிட்ஜ் என்ற கெட்டியான ஓவியத் தாளில் போஸ்டர் கலரோ குவாஷோ பூசினால் தூரிகைத் தடம் தெரியும். அந்தத் தடம் நீரோட்டமாகவும் இறகாகவும் மாறும். உலரும்போது தாள் பூசிய பக்கம் சுருளும். பின்பக்கத்தை ஈரத் துணியால் லேசாக ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விட்டால் படிந்துவிடும். கடையில் கிடைக்காத சேற்று நிறம், பாசி நிறமெல்லாம் இந்த வழியில்தான் கிடைக்கும். உங்கள் கண்மாய்க்கு அவைதானே வேண்டும்.

தாளின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் கொக்கின் கால் உங்களைப் பழிவாங்கும். இயந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மடக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு போகும் திசைதான் இழையோட்டம். கொக்கின் கால், நாணல் தண்டு, மீன்கொத்தியின் அலகு மாதிரி நீளமான மெல்லிய பாகங்களை அந்த ஓட்டத்தோடு வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் துவண்டு சுருண்டுவிடும். மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். ஈரம் ஏறும்போது இழை அகலத்தில் ஊதும், நீளத்தில் அவ்வளவாக மாறாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் வேலை செய்தால் வெட்டிய துண்டுகளை இரவில் மூடிய டப்பாவுக்குள் வையுங்கள்.

கத்திக்கு நான் மருந்துக் கடையைத்தான் நாடுவேன். அறுவை சிகிச்சைக் கத்தியில் 3ஆம் எண் கைப்பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேளுங்கள். முனை ஊசி மாதிரி இருக்கும், தனித்தனி உறையில் வரும். பிளேடில் கஞ்சத்தனம் கூடாது. தாள் இழுபடுகிறது என்று தோன்றிய அந்த நொடியே மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுதான் விரலையும் வெட்டும், ஏனென்றால் அதற்கு அழுத்தம் அதிகம் கொடுப்போம். உள்ளே இருக்கும் சின்னத் துளைகளை முதலில் வெட்டுங்கள், வெளி விளிம்பைக் கடைசியில். வெளி விளிம்பு போய்விட்டால் தாளைப் பிடிக்க இடம் இருக்காது.

கத்தரிக்கோல் வேலைக்கு லோட்டே ரைனிகரிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. கறுப்புத் தாளில் வெட்டிய நிழலுருவங்களை நகர்த்தி 1926இல் ஒரு முழுநீள அனிமேஷன் படத்தை வெளியிட்ட ஜெர்மானியப் பெண்மணி அவர். கத்தரிக்கோல் பிடித்த வலது கையை அவர் கிட்டத்தட்ட அசைக்கவே மாட்டார். இடது கை தாளைத் திருப்பிக்கொண்டே இருக்கும். செய்து பாருங்கள். கத்தரிக்கோலின் அடிப்பகுதியால் வெட்டிக்கொண்டு தாளை ஊட்டினால் கொக்கின் கழுத்து ஒரே இழுப்பில் வளைந்து வரும். நுனிவரை மூடி மூடித் திறந்தால் ஒவ்வொரு மூடலிலும் ஒரு சின்னப் பல் விழும். அச்சில் அது நன்றாகவே தெரியும்.

துளையிட்டு வெட்டும் வேலை வேறு கணக்கு. ஒரே தாளில் வெளிச்சம் ஊடுருவும் வடிவங்களை வெட்டும்போது எல்லாப் பாகமும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். இந்தப் பாலம் போடும் கலையை மதுரா, பிருந்தாவனத்தின் சாஞ்ஜி கலைஞர்களிடம் பார்க்க வேண்டும். கோயில் தரையில் வண்ணப் பொடியால் கோலம் போடுவதற்கான தாள் அச்சு அது. கண்ணன் கதைக் காட்சிகள், மரங்கள், மயில்கள், பசுக்கள் எல்லாம் ஒரே தாளில் அறுபடாமல் தொடர்ந்து போகும். பாலம் தெரியாதபடி அதைக் கொடியாகவும் வேலியாகவும் மாற்றிவிடுவார்கள். டெல்லியில் 2010இல் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் விளையாட்டுக் குறியீடுகள் இந்தச் சாஞ்ஜியிலிருந்து பிறந்தவை. பழைய கோயில் கலை ஒன்று நவீன வடிவமைப்புக்குள் அலங்காரமாக ஒட்டிக்கொள்ளாமல் அதன் எலும்பாகவே நுழைய முடியும் என்பதற்கு நான் காட்டும் உதாரணம் அதுதான். உங்கள் நாணல் காட்டில் இதை முயலலாம். நாணல்கள்தான் பாலம், நடுவே பறவை.

தமிழ் எழுத்தை வெட்டுவதென்றால் இந்தப் பாலப் பிரச்சினை உடனே வரும். தலைப்பையும் தாளில் வெட்டலாமா என்று நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள், வெட்டுங்கள். ட, ப மாதிரி எழுத்துகளில் மூடிய வெளி இல்லாததால் சிக்கல் இல்லை. க, ண மாதிரி சுழி உள்ள எழுத்துகளைத் துளையாக வெட்டினால் சுழியின் நடுப்பகுதி கழன்று விழும். அதனால் துளை வேண்டாம். எழுத்தையே தனித் துண்டாக வெட்டி ஒட்டுங்கள். கணினி எழுத்துருவை அச்செடுத்து அதன் மேல் வெட்டினால் எழுத்து விறைப்பாக நிற்கும், பறவைகளோடு ஒட்டாது. பட்டை பென்சிலால் நீங்களே பெரிதாக எழுதி, சுழிகளைக் கொஞ்சம் அகலமாக்கி, கோட்டின் தடிமனை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக வைத்து வெட்டுங்கள். புள்ளிகளைத் தனி உறையில் போட்டு எண்ணி வையுங்கள். ஒரு புள்ளி தொலைந்தால் தலைப்பின் பொருளே மாறும். பென்சில் தடம் தெரியாமல் இருக்கப் பின்பக்கம் வரைவதானால் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். ஒரு தலைப்பு முழுவதையும் நேராக வரைந்து வெட்டிவிட்டு, திருப்பிப் போட்டபோதுதான் எல்லாமே இடம் வலமாக மாறியிருப்பதைக் கண்டேன். ஒரு நாள் வேலை போயிற்று.

இப்போது நிழல். இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

துண்டின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவாதீர்கள். பெவிகால் மாதிரி நீர் கலந்த பசை தாளை ஊதவைத்து அலை அலையாக்கும், முழுக்க ஒட்டினால் விளிம்பு அடியோடு படிந்து நிழலே விழாது. நடுவில் மட்டும் ஒரு துளி, அல்லது ஒரு சின்னத் துண்டு டபுள் டேப். ஓரம் தானாக ஒரு நூல் உயரம் தூக்கி நிற்கும். அதிக உயரம் வேண்டிய இடத்தில் ஃபோம் டேப்போ, 3 மி.மீ, 5 மி.மீ தடிமனுள்ள சன்போர்டு என்ற லேசான நுரைப்பலகைத் துண்டோ அடியில் வையுங்கள். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி வைத்தால்தான் பக்கவாட்டில் தெரியாது. எல்லா அடுக்குக்கும் ஒரே உயரம் கொடுத்தால் படம் கடையில் விற்கும் வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடும். தூரத்துக் கரை ஒட்டியே கிடக்கட்டும். நீர் ஒரு நூல் உயரத்தில். கொக்கு மட்டும் 5 மி.மீ உயரத்தில் நிற்கட்டும்.

விளக்கு ஒன்று போதும். இரண்டு வைத்தால் இரண்டு நிழல் விழும், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இடது மேல் மூலையிலிருந்து ஒரு எல்இடி விளக்கு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. அந்த அட்டை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலின் கருமையைத் தணிக்கும். விளக்கு எவ்வளவு தாழ்ந்தால் நிழல் அவ்வளவு நீளும். 45 பாகைச் சாய்வில் வரும் வெளிச்சத்தில் 5 மி.மீ உயரத்துக்கு 5 மி.மீ நிழல். 30 பாகைக்கு இறக்கினால் கிட்டத்தட்ட 9 மி.மீ. படத்தைச் சிறிதாக்கும்போது நிழலும் சுருங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஏ2 அளவில் செய்து ஏ4 அளவில் அச்சிட்டால் எல்லாம் பாதி. மேஜையில் கொஞ்சம் மிகையாகத் தெரியும் நிழல்தான் புத்தகத்தில் அளவாக இருக்கும். அந்திக் காட்சிக்கு விளக்கின் முன்னால் செம்மஞ்சள் கண்ணாடித் தாளைப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைக் கொக்கு முழுக்கச் சூரியன் இறங்கிவிடும். கணினியில் நாள் முழுக்க முயன்றாலும் அந்த நிறம் இவ்வளவு இயல்பாக வராது.

விளக்கின் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு புத்தகத்துக்காக நான்கு படங்களை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தி மீதி மூன்றை எடுத்தேன். பக்கம் கட்டும்போதுதான் தெரிந்தது, நான்கில் நிழல் வலப்பக்கம், மூன்றில் இடப்பக்கம். படங்களுக்குள் எழுத்து இருந்ததால் திருப்பவும் முடியவில்லை. மூன்றையும் மறுபடி எடுத்தேன்.

கேமராவை முக்காலியில் வைத்து, லென்ஸ் நேராகக் கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். லென்ஸின் துவார அளவை எஃப் 8க்கும் எஃப் 11க்கும் இடையில் வைத்தால் எல்லா அடுக்கும் தெளிவாக வரும். ஏ4 முழுப்பக்கத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தாராளமாகப் போதும். சாம்பல் நிற அட்டை ஒன்றைப் படத்துக்குள் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நிறச் சமநிலைக்கு உதவும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலையும் மூடுங்கள், மதியம் எடுத்ததில் ஒரு நிறமும் மாலை எடுத்ததில் வேறு நிறமும் வந்துவிடும்.

ஸ்கேனர் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். முழுக்கத் தட்டையாக ஒட்டிய வேலைக்குப் போதும். அடுக்கு இருந்தால் ஸ்கேனரின் வகையைப் பார்க்க வேண்டும். மெலிதாக, எடை குறைவாக வரும் சிஐஎஸ் வகை ஸ்கேனருக்குக் கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும், இரண்டு மூன்று மி.மீ விலகியதுமே மங்கிவிடும். பழைய தடிமனான சிசிடி வகைக்கு ஆழம் அதிகம், அதன் விளக்கு ஒரு பக்கமிருந்து வருவதால் மெல்லிய நிழலும் கிடைக்கும். ஆனால் கண்ணாடி தாளை அமுக்குவதை மறக்காதீர்கள். கொக்கை 5 மி.மீ தூக்கிவிட்டு அதை நசுக்குவதில் என்ன பயன்?

கணினிக்கு வந்ததும் கையை அடக்குங்கள். தூசி, பசைக் கறை, டேப் ஓரம் ஆகியவற்றை எடுங்கள். கறுப்புத் தாளில் தூசி அதிகம் தெரியும், படம் எடுக்கும் முன்பே மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம். விளிம்பின் சின்ன நடுக்கத்தை நேராக்காதீர்கள். கத்தி தடம் மாறிய இடத்தை விட்டுவிடுங்கள். அவற்றையும் நீவிவிட்டால் இத்தனை நாள் வெட்டியதற்கு அர்த்தம் இல்லை.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. கண்ணைப் பறிக்கும் ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் பச்சைத் தாள்கள் நான்கு நிற அச்சில் வராது. மங்கிய செங்கல் நிறமாகவும் இலைச் சாறு நிறமாகவும் இறங்கிவிடும். தாள் வாங்கும்போதே அவற்றைத் தவிருங்கள். வெள்ளைத் தாள்களிலும் வேறுபாடு உண்டு. வெண்மையூட்டி கலந்தவை சில விளக்குகளுக்கு அடியில் நீலம் பாரிக்கும். கொக்கு ஒரு வெள்ளை, அல்லி வேறு வெள்ளை என்றால் இரண்டையும் ஒரே விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். உள்பக்கம் பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அச்சாவதாக இருந்தால் மை பரவி நிழல் கருத்துவிடும், அதனால் நிழல் பகுதிகளைத் திரையில் கொஞ்சம் வெளிர்த்தே கொடுங்கள். அட்டைக்கு பளபள லேமினேஷன் வேண்டாம், மேட் போதும் என்று பதிப்பாளரிடம் அடம் பிடியுங்கள். பளபளப்பில் அறையின் விளக்கு பிரதிபலித்து உங்கள் நிழலை விழுங்கிவிடும். முழு அச்சுக்கு முன் ஒரு படத்துக்காவது அதே தாளில் மாதிரி எடுத்துப் பாருங்கள்.

கணினி சொல்லும் கோட்டில் கத்தியை ஓட்டும் பிளாட்டரோ, லேசரோ வைத்து வெட்டினால் என்ன என்பது உங்கள் கடைசிக் கேள்வி. ஒரே வடிவம் ஐந்நூறு வேண்டும் என்றால், அழைப்பிதழ் மாதிரி, இயந்திரம்தான் சரி. ஆயிரக்கணக்கில் போனால் அந்த வடிவத்தில் டை என்ற வெட்டு அச்சு செய்து, அழுத்தி வெட்டிவிடலாம். லேசர் விளிம்பைப் பழுப்பாக்கும், வெளிர் தாளில் அது தெரியும். ஆனால் எட்டே படங்களுக்கு இயந்திரம் தேடினால் மறுபடி முதலில் சொன்ன இடத்துக்கே வந்துவிடுவீர்கள். இயந்திரத்துக்குக் கொடுக்க முதலில் கணினியில் வரைய வேண்டுமே.

பினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. சாந்திநிகேதனின் பெரிய ஓவியர். 1950களின் பிற்பகுதியில் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையை முழுக்க இழந்தார். அதன்பிறகு அவர் எடுத்தவற்றில் ஒன்று வண்ணத் தாளும் கத்தரிக்கோலும். தொட்டுத் தடவி, வெட்டி ஒட்டிய உருவங்கள் அவை. மடியில் குழந்தை, சாய்ந்து கிடக்கும் பெண், பூனை. அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அந்த ஒட்டுப்படங்களின் பிரதிகள் கிடைத்தால் நெடுநேரம் பாருங்கள். விளிம்பு எவ்வளவு குறைவாகப் பேசுகிறது, எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். பிறகு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொக்கை வெட்டுங்கள். நான் என் மாணவர்களுக்கு முதல் நாள் கொடுக்கும் பயிற்சி இது. அதில் வரும் கழுத்து வளைவு, கண் திறந்து வெட்டியதைவிடப் பல முறை நன்றாக இருந்திருக்கிறது.

வேலை முடிந்ததும் மூலங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அடுக்கு நசுங்காத உயரத்தில் அட்டைப்பெட்டி ஒன்று, மேலே பட்டர் பேப்பர். மாவுப் பசை பயன்படுத்தியிருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும், அதனால் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பெட்டியின் மேல் விளக்கு இருந்த பக்கத்தையும் அதன் உயரத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து மறுபதிப்புக்கோ பெரிய சுவரொட்டிக்கோ பதிப்பாளர் கேட்பார், அப்போது அதே வெளிச்சத்தில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.